ஞானசுந்தரிக்குக் கிடைத்த இடம்

ப்ளஸ் டூவின் முதல் பேட்ச் பரீட்சை எழுதி வெளியே வந்த வருஷம் அது. உத்திரமேரூர் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரியில் முதலாவதாக வந்தவள் ஞானசுந்தரி. அவளுடைய அப்பா தானியேல் திருப்புலிவனத்துக்கு அந்தாண்டை ஒரு காலனியில் இருந்தான். வேதாசலத்தின் கழனியில் ஏர் ஓட்டுகிறவன். காலனியில் பத்தாவது தாண்டியவர்கள் அதுவரை யாருமில்லை.

சயின்ஸ் டீச்சர் தாயாரம்மாள் பஸ் ஏறிக் காலனிக்கே வந்தார். தானியேல் சேற்றுக் காலோடு வரப்பில் நின்று கேட்டான்.

"மெட்ராஸ்ல லேடீஸ் காலேஜுக்கு எழுதிப் போடுங்க. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கிறிஸ்டியன்னா பி.சி.லதான் வரும். இருந்தாலும் அவ மார்க்குக்குக் கிடைக்கும்னு எனக்கு நம்பிக்க இருக்கு. மதம் மாறின குடும்பத்துக்கும் சம்பளச் சலுகை உண்டு. பயப்படாதீங்க."

அன்று சாயங்காலம் தானியேலின் பெண்சாதி பாக்கியமேரி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சின்ன மகள் பவளம் அக்காவின் மார்க்கைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினாள். தானியேல் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. கிடைக்கும் என்று டீச்சர் சொன்னதைவிட, கிடைக்காமல் போனால் என்ற எண்ணம்தான் அவனைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் அவன் ஏகாம்பரத்தைப் பார்க்கப் போனான். ஏகாம்பரம் அதே காலனிக்காரன். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் பியூன். காக்கிச் சட்டை போட்டவன் என்பதால் காலனியில் அவன் பேச்சுக்குத் தனி மரியாதை.

"பி.சி. லிஸ்ட்ல யாரு நிப்பாங்க தெரியுமா?" என்றான் ஏகாம்பரம். "வேதாசலத்தோட பொண்ணு, அவுரு மச்சான் பொண்ணு. டியூசன் வெச்சுப் படிச்சதுங்க. அதுங்களோட உம் பொண்ணு ஓட முடியுமா?"

தானியேல் பதில் சொல்லவில்லை. கூட வந்திருந்த ஞானசுந்தரி அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"வழி ஒண்ணு கீது. மெட்ராஸ்ல ஒரு சங்கத்துல பூஜ பண்ணி இந்துவா மாத்தி சர்ட்டிபிகேட் தராங்க. குடும்பத்தோட மாறணும். பழைய ஜனம் உங்கள சேத்துக்கினதா நாலு பேரு கையெழுத்துப் போடணும். எஸ்.சி.ல சீட்டு கண்டிப்பா கெடைக்கும்."

வீட்டுக்கு வரும் வழியில் ஞானசுந்தரி சொன்னாள். "இதெல்லாம் வேணாம் நைனா. டீச்சர் விசாரிச்சுட்டுத்தான் சொல்றாங்க. என் மார்க்கே போதும்."

"உனுக்கு இன்னா தெரியும்? ஆபீஸ்ல இருக்கறவன் அவன்."

"பரீச்ச எழுதினது நானு."

"சும்மா வா."

பாக்கியமேரிக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. அவளுடைய தலைச்சன் பிள்ளை ஜுரத்தில் போய், கோயில் கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் கிடந்தது. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவள்தான் அங்கே சுண்ணாம்பு அடித்துப் பூ வைப்பாள். கடைசியில் அவளே வந்து சொன்னாள். "பொண்ணு ஆளாவணும். அதுக்காக ஆண்டவரு கோச்சுக்கினா கோச்சுக்கட்டும். மாறிக்கலாம்யா."

நாலு கையெழுத்துக்கு தானியேல் தன் அண்ணன் முனியனிடம்தான் போயாக வேண்டும். காலனியின் மேலண்டைத் தெருவில் இருந்த முனியன் அப்பன் வழியிலேயே நின்றவன். அப்பன் செத்தபோது, சபையில் சேர்ந்தவன் என்று சொல்லி தானியேல் கொள்ளி வைக்கும் சடங்கில் எதையும் தொடாமல் தள்ளி நின்றான். அதிலிருந்து அண்ணன் தம்பிக்குப் பேச்சு வார்த்தை கிடையாது.

முனியன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"பொண்ணு படிப்புக்குன்னா கையெழுத்துப் போடறேன். சீட்டுக்காகத்தான் நீ வந்தேன்னும் தெரியும். ஆனா அமாவாசைக்கு அப்பனுக்குப் படையல் போடுவேன். நீ வந்து குந்தணும். வேற ஒண்ணும் கேக்கல."

அமாவாசையன்று தானியேல் போனான். முனியனின் பெண்சாதி செங்கேணி, பாக்கியமேரியை உள்ளே அழைத்துப் போய் நெற்றியில் குங்குமம் வைத்தாள். "இது இன்னா செய்யப்போவுது பாக்கியம், தொடச்சா போயிடும்" என்று சமாதானம் சொன்னாள். பாக்கியமேரி அழவில்லை. தலையைக் குனிந்தபடியே இருந்தாள். தானியேல்தான் அழுதான். இலையில் வைத்த வடையையும் சுருட்டையும் பார்த்ததும் அப்பன் ஞாபகம் வந்து, எதற்காக வந்தோம் என்பதையே மறந்து தேம்பினான். முனியன் தம்பியின் முதுகில் கை வைத்தான். பொய்யாகச் செய்ய வந்த இடத்தில் மெய்யாக அழுததில் தானியேலுக்கே ஒரு குழப்பம்.

மெட்ராஸ் சங்கத்தில் குடும்பத்தையே ஹோமத்துக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். தானியேல் தாமோதரன் ஆனான். பாக்கியமேரி பாக்கியலட்சுமி ஆனாள். ஞானசுந்தரியும் பவளமும் எந்தப் பக்கத்துக்கும் பொருந்துகிற பேர்கள் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாக்கியமேரி வழக்கம்போலக் கோயிலுக்குக் கிளம்பினாள். உபதேசியார் வாசலிலேயே நிறுத்தினார். கெட்டவர் அல்ல. அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"இன்னான்னு சொல்லி உள்ள விடறது பாக்கியம்? சபையில எல்லாரும் கேக்கறாங்க. நம்பளும் கஷ்டப்பட்டுத்தானே இருக்கோம், நாங்கள்லாம் மாறிட்டமாங்கறாங்க."

"கல்லறத் தோட்டத்துக்காவது போயிட்டு வரட்டுமா?"

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்கிற ஆட்டல்.

ஜூலையில் லிஸ்ட் போட்டார்கள். தானியேலும் ஞானசுந்தரியும் வாலாஜாபாத் வந்து ரயில் ஏறிப் போனார்கள். காலேஜ் வராந்தாவில் பலகைக்கு முன்னால் ஒரே கூட்டம். ஞானசுந்தரி உள்ளே நுழைந்தாள். தானியேல் தூரத்திலிருந்து பார்த்தான். பேர் இருந்தால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள் என்று காத்திருந்தான். அவள் திரும்பவேயில்லை. கூட்டம் குறைந்த பிறகும் பலகைக்கு எதிரிலேயே நின்றாள்.

அவன் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தான். "இல்லியாம்மா?"

"கீது. எஸ்.சி. லிஸ்ட்ல மொத பேரு."

"அப்பறம் இன்னா?"

அவள் பக்கத்துக் காகிதத்தைக் காட்டினாள். அவனுக்குப் படிக்கத் தெரியாது. அவளே சொன்னாள். "இது பி.சி. லிஸ்ட். கெமிஸ்ட்ரிக்குக் கடசியா எடுத்த பொண்ணு மார்க்கு என்னவிடக் கம்மி. இருவது மார்க்கு கம்மி."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வேட்டியை இறுக்கிக்கொண்டு நேரே ஆபீஸ் ஜன்னலுக்குப் போனான். எங்கள் பேரை அந்தப் பக்கம் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டான். குமாஸ்தாவுக்கு அவன் கேட்பதே விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது.

"பி.சி. லிஸ்ட் க்ளோஸ் ஆயிடுச்சு. எஸ்.சி. இல்லேன்னு நீயே சொன்னா இந்த சீட்டும் போயிடும். பொய் சர்ட்டிபிகேட்டுன்னு ஆயிடும்யா. பொண்ணு படிக்கணுமா வேணாமா?"

தானியேல் ஜன்னலைவிட்டு நகர்ந்தான்.

திரும்பும் வழியில் வாலாஜாபாத்தில் இறங்கிப் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினான். அவள் டீயை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"உம் பொண்ணு ஓட முடியுமான்னு அந்த ஆளு கேட்டானே நைனா. அப்போ நீ இன்னா சொன்னே?"

"நான் இன்னா சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே."

"அதான். முடியும்னு ஒரு வார்த்த சொல்லல. அவன் கேட்டது எனுக்கு வலிக்கல. நீ சும்மா நின்னதுதான் வலிச்சுது."

"எனுக்குப் பயம்மா. நம்ப ஜனத்துல யாரு போயிருக்காங்க, எதப் பாத்து நான் நம்பறது?"

"என்னப் பாத்து."

பஸ் வந்தது. அவள் முன்னால் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

விஷயம் கேட்டதும் பாக்கியமேரி முதலில் சொன்னது, "அப்போ திரும்பிடலாமில்ல?" என்பதுதான். தானியேல் ஏகாம்பரத்திடம் ஓடினான். சீட்டு வாங்கிக் கொடுத்தது தானே என்று நாலு பேரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்த ஏகாம்பரம், இதைக் கேட்டுச் சிரித்தான்.

"பைத்தியமா நீ? கோயிலுக்குத் திரும்பிப் போனா எவனாவது பெட்டிஷன் போடுவான். படிப்பு முடியற வரைக்கும் மூச்சு விடாத. அப்பறம் வேலைக்குப் போனாலும் இதே சர்ட்டிபிகேட்தான். இனிமே நீ தாமோதரன்தான்யா."

பாக்கியமேரி அதைக் கேட்டு, "எம் புள்ள அங்க தனியாக் கெடக்குது" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் அவள் தானியேலோடு சண்டை போடவில்லை. மாறிக்கலாம் என்று சொன்னது தானும்தான் என்பது அவளுக்குத் தெரியும். அது தெரிந்திருந்ததால் திட்டித் தீர்க்கக்கூட அவளுக்கு ஆள் இல்லை.

ஞானசுந்தரி ஹாஸ்டலில் சேர்ந்தாள். முதல் மாதம் போஸ்ட்மேன் ஒரு கார்டை வைத்துக்கொண்டு காலனியில் "தாமோதரன் யாரு, தாமோதரன் யாரு" என்று வீடு வீடாகக் கேட்டான். தெரியாது என்று மூன்று வீட்டில் சொன்னார்கள். தானியேல் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றான். போஸ்ட்மேன் அவனிடமே வந்து கேட்டபோதுதான் அது தன் பேர் என்று உறைத்தது. நலம், நலமறிய ஆவல், பாடம் ஆரம்பித்துவிட்டது. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். பவளம் படித்துக் காட்டினாள்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஞானசுந்தரி வரவில்லை. லேபில் வேலை என்று எழுதியிருந்தாள். பொங்கலுக்கு வந்தாள். அம்மாவோடு படுத்துத் தூங்கினாள், தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள், பெரியப்பா வீட்டுக்குப் போய் செங்கேணி கையால் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டாள். அப்பாவிடமும் மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் அவன் எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம் நைனா" என்றாள். முன்பெல்லாம் அவனோடு மல்லுக்கு நிற்பாள். அந்த வாய் இப்போது இல்லை.

இரண்டு வருஷம் கழித்து பவளம் பத்தாவது பாஸ் பண்ணினாள். ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று கேள்வி வந்தது. ஏகாம்பரம் தானாகவே வீட்டுக்கு வந்து யோசனை சொல்ல ஆரம்பித்தான். தானியேல் அவனை உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவைத்தான். அப்புறம் மகளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தான்.

"உனுக்கு இன்னா படிக்கணும்னு தோணுதோ அதச் சொல்லு. நீ சொன்னா சரி. நைனா யாரையும் கேக்க மாட்டேன்."



"நீங்களே பாத்து எதுல வேணா சேத்து உடுங்க" என்றாள் பவளம். "அக்கா சொன்னப்போ கேட்டீங்களா?"

உள்ளே பாக்கியமேரி முறத்தில் அரிசி புடைப்பதை நிறுத்தினாள். பவளம் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.