தலை தட்டி ஒரு ஸ்பூன்

தையல்காரருக்குத் தன் அளவின்மேல் அசாத்திய நம்பிக்கை. தான் தைத்த சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று வாய் கூசாமல் சொல்வார். திரும்பி வந்தவற்றை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானதும் அடுப்படி அவர் கைக்கு வந்தது. ஒரு நாளைக்கு உப்பு நாலு கிராமைத் தாண்டக் கூடாது என்றார் டாக்டர். கல்லுப்பில் தலை தட்டி ஒரு ஸ்பூன் எடுத்தால் சரியாக இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்குச் சொல்லும் பெண் விளக்கினாள். தினமும் காலையில் அந்த ஒரு ஸ்பூனைக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, அதிலிருந்துதான் அவளுக்குப் போடுவார். தனக்குத் தனியாகச் சமைத்துக்கொள்வார்.

மழை பிடித்ததும் கல்லுப்பு நசநசத்துப் போனது. மேடும் பள்ளமுமாக நிற்கிற அளவு அவருக்கு ஆகாது. தூள் உப்பு வாங்கினார். கத்தியால் வழித்தால் அச்சாக நின்றது. ஸ்பூன் என்னவோ அதே ஸ்பூன்தான்.

கொஞ்ச நாளில் மனைவியின் கால் செருப்பில் நுழையவில்லை. டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"உப்பு ஜாஸ்தியா போகுது. இப்படியே விட்டா டயாலிசிஸ்தான்."

"நானே அளந்துதான் போடுறேன் டாக்டர்," என்று தையல்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். ஆக, திருட்டுத் தீனிதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"நான் கடைக்குப் போனதும் என்னத்தத் திங்கிற? சிப்ஸா?" என்று வீட்டில் குதித்தார்.

"ஒண்ணும் திங்கலைங்க."

"அப்ப கால் தானா வீங்குச்சா?"

அலமாரியைக் கவிழ்த்துத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தன் அளவு சரிதான் என்று நிரூபித்தே தீருவதென, பக்கத்து வீட்டில் கேக் செய்து விற்கிற பெண்ணிடம் குட்டித் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். மனைவியை எதிரில் உட்காரவைத்து, தலை தட்டிய ஸ்பூனை அதில் கொட்டினார். ஆறு கிராம். தராசைத் தட்டிப் பார்த்தார். ஆறுதான். பழைய டப்பாவின் அடியில் கொஞ்சம் கல்லுப்பு காய்ந்து கிடந்தது. அதை அதே ஸ்பூனில் எடுத்துக் கொட்டினார். நாலு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சந்து இருக்கிறது. தூளில் சந்து ஏது?

தையல்காரர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"உனக்குக் கரிச்சிருக்குமே. தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"டாக்டர்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்களாத்தான் பாவம் பாத்து, அவருக்குத் தெரியாம கூடக் கொஞ்சம் போடுறீங்கன்னு நெனச்சேன். அவர் முன்னாடி எப்படிக் காட்டிக் குடுக்கிறது?"

"வீட்டுல அந்தக் கத்து கத்தினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"டாக்டர் சொன்ன பயத்துல கத்துறீங்கன்னு விட்டுட்டேன்." அவள் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொன்னா நிறுத்திடுவீங்களே."

அவர் ஸ்பூனைக் கையில் எடுத்தார். தராசில் மறுபடி ஆறு கிராம் தூளைக் கொட்டி, அதிலிருந்து இரண்டு கிராமைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து டப்பாவில் திருப்பிப் போட்டார். போட்டு முடிக்கிற வரை அவள் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.