எட்டுப் பேருக்கு மீன்

வைரவன் பஹ்ரைனில் குதைபியாவுக்குத் திரும்பி ஐந்து மாதம் ஆகியும் அவன் வாய் மட்டும் இன்னும் மெக்சிகோவிலேயே இருக்கிறது என்று அறைக்காரர்கள் சொல்வார்கள். சொன்னதில் தப்பில்லை. எலுமிச்சம்பழத்தைப் பார்த்தால் அங்கே எப்படித் தெரியுமா என்று ஆரம்பிப்பான். நாற்காலியைப் பார்த்தால் அதற்கும் ஒரு கதை இருக்கும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் அவனுக்கு மெக்சிகோ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வைத்த பெயரைக்கூட அவன் முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட வேலை இருந்தால்தானே.

சாயல்குடிப் பக்கத்து ஆள். பஹ்ரைன் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன்களைப் பழுது பார்ப்பது அவன் வேலை. போன வருஷம் அவன் கம்பெனிக்கு மெக்சிகோவில் ஒரு வேலை கிடைத்தது. மன்சனீயோ என்று ஒரு கடலோர ஊர். போக வேண்டியவர் வேறொருவர். அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ள, அது வைரவன் தலையில் விழுந்தது. மொழி தெரியாது, தமிழ் முகம் ஒன்றுகூட இருக்காது, நாலு மாதத்தை எப்படி ஓட்டப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டேதான் விமானம் ஏறினான்.

போன முதல் ஞாயிற்றுக்கிழமையே நிலைமை மாறிவிட்டது. மாலையில் கடற்கரைச் சுவரோரம் தனியாக நின்றுகொண்டிருந்தவனை, கூட வேலை செய்யும் கிரேன் ஓட்டுநர் சூய் பார்த்துவிட்டான். வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தான். அங்கே அவன் குடும்பமும் சினேகிதர்களுமாக ஒரு பட்டாளமே உட்கார்ந்திருந்தது. சூயின் அக்கா லூப்பே, அப்பளம் மாதிரிப் பொரித்த சோள ரொட்டியின் மேல் எதையோ வழித்து வைத்து நீட்டினாள். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன். கடலோரத்துக்காரன்தான், ஆனாலும் மீனைக் குழம்பில் மட்டுமே பார்த்துப் பழகியவன். மறுத்தால் மரியாதையாக இருக்காதே என்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை விழுங்கினான். பிறகு கண்ணைத் திறந்துகொண்டு நாலு தின்றான்.

மாங்காய்க் கீற்றில் மிளகாய்த்தூளைத் தூவிக் கொடுத்தார்கள். இது எங்கள் பள்ளிக்கூட வாசலில் விற்பதாயிற்றே என்று சொல்ல அவனுக்கு வார்த்தை இல்லாததால் சிரித்துச் சிரித்துத் தின்றான். அதற்குள் ஒரு ஆள் பெரிய சுரைக்குடுக்கையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, இளஞ்சிவப்பாக ஏதோ ஊற்றி, மேலே வேர்க்கடலையைத் தூவிக் கொடுத்தான். ஒரு வாய் குடித்ததும் வைரவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதநீர். தென்னம்பாளையில் இறக்கிய பதநீர். உலகத்தின் அந்தக் கோடியில் வந்து அதைக் குடிப்பான் என்று கனவா கண்டான். "பதனி, பதனி" என்று அவன் குடுக்கையைக் காட்டிச் சொல்ல, அவனுக்குப் பெயர் அதுதான் என்று அந்தக் கூட்டம் முடிவு செய்துகொண்டது. நாலு மாதமும் அவன் பதனிதான். கிரேன் மேலிருந்தும் பதனி என்றே கத்துவார்கள்.

அப்புறம் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. மேளம் ஊதல் எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வாசிக்கும் கோஷ்டி மணலில் வரும். சொந்தத் தங்கை கல்யாணத்தில் கைகட்டி நின்ற மனுஷன், அங்கே லூப்பேயோடு ஆடினான். தெரிந்தவரோ தெரியாதவரோ, யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கடந்து போனால் "புரவேச்சோ" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சாப்பாடு நன்றாக உடம்பில் சேரட்டும் என்று அர்த்தம். வழியில் போகிற யாரோ ஒருவர் நம் சோற்றை வாழ்த்திவிட்டுப் போவது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று வைரவனுக்கு மனசு நிறைந்துபோகும்.

அப்படி இருந்துவிட்டு வந்தவனை இந்த அறைக்குள் விட்டால் என்ன ஆவான்? நாலு இரும்புக் கட்டில், மேலும் கீழுமாக எட்டுப் பேர், எட்டு செல்போன். அத்தனை பேரும் தமிழ் பேசுகிறவர்கள், பேசத்தான் மாட்டார்கள். ஒருவன் டூட்டி முடிந்து வரும்போது ஒருவன் டூட்டிக்குப் போவான். அவரவர் தட்டு, அவரவர் நேரம், காதில் அவரவர் ஒயர். திரும்பி வந்த புதிதில், கோபிச்செட்டிபாளையத்துப் பழனிச்சாமி கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வைரவன் ஆசையாகப் "புரவேச்சோ" என்றான். பழனிச்சாமி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தட்டைச் சுவர்ப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். அதோடு அந்த வார்த்தையை வைரவன் விட்டுவிட்டான்.

சூயிடமிருந்து முதலில் தினமும் குரல்செய்தி வந்தது. பிறகு ஞாயிறுக்கு ஞாயிறு. பிறகு அதுவும் குறைந்தது. பழைய செய்திகளையே போர்வைக்குள் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பான். என்ன சொல்கிறான் என்று பாதி புரியாது. கடைசியில் ஒரு சிரிப்பு வரும், அதற்காகக் கேட்பான். மொழி தெரியாத ஊரில் ஒரு நாள்கூடத் தனியாக இல்லை, சொந்த பாஷைக்காரர்கள் நடுவில் இப்படி அநாதையாகக் கிடக்கிறோமே என்று நினைத்து, அதே செய்தியை இன்னொரு தடவை போடுவான்.

ஒரு நாள் யோசனை தோன்றியது. அங்கே செய்ததை இங்கே செய்தால் என்ன? கர்பாபாத் கடற்கரை பக்கத்தில்தான் இருக்கிறது. குளிர்காலம், உட்கார இதமாக இருக்கும். வார லீவான ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு தடவை, எட்டுப் பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் போதும், அதற்கப்புறம் அந்த அறை தூங்கிப்போகிற இடமாக இல்லாமல் நாலு மனுஷர் இருக்கிற இடமாகிவிடும் என்று அவன் உறுதியாக நம்பினான். இது நடக்காவிட்டால் இனி எதுவும் நடக்காது என்றும் நினைத்தான். அறை நடுவில் நின்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னான். காசு ஒன்றும் வேண்டாம், வந்தால் போதும் என்றான். மீன் என்றதும் எதிர்க்கட்டிலில் மேலே படுக்கும் ஐயப்பன் ஒரு காது ஒயரைக் கழற்றினான். பழனிச்சாமி, "வந்தாப் போச்சுங்க" என்றார். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய் எட்டுப் பேருக்குத் தாராளமாக ஷேரி என்கிற உள்ளூர்க் கடல் மீன் வாங்கினான். பச்சை மீனைக் கொடுத்தால் ஓடிவிடுவார்கள் என்று தெரியும், ஆகவே எலுமிச்சையும் மிளகாயும் பூண்டும் தடவிச் சுடுவதாக ஏற்பாடு. கரி, கம்பி வலை, மாங்காய், இரண்டு பாய், எல்லாவற்றையும் டாக்ஸியில் அள்ளிப் போட்டுக்கொண்டு மதியமே போய்விட்டான். அலையே இல்லாத கடல். அங்கங்கே குடும்பங்கள் கரியை மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நல்ல இடமாகப் பார்த்துப் பாயை விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் கல் வைத்தான்.

நாலு மணிக்கு ஐயப்பன் போன் செய்தான். ஓவர்டைம் போட்டுவிட்டார்களாம், ஃபோர்மேன் விடமாட்டேன் என்கிறானாம். பழனிச்சாமியை இவனே கூப்பிட்டான். அவர் தூக்கக் கலக்கத்தில் எடுத்து, இன்றைக்கா வெள்ளிக்கிழமை என்று கேட்டார். மற்ற போன்கள் அடித்து அடித்து ஓய்ந்தன. யாருக்கும் அவன் மேல் விரோதம் கிடையாது. வாய்வார்த்தையாகச் சரி என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போகிற அளவுக்குத்தான் அவன் அவர்களுக்கு வேண்டியவன். அதுதான் வலித்தது. கரி நன்றாகப் பிடித்திருந்தது, மீனை வைக்கக் கை வரவில்லை. பக்கத்துக் குடும்பத்துப் பெண் இவனுடைய காலிப் பாய்களைப் பார்த்துவிட்டு நாசூக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வைரவனுக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல அவமானமாக இருந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பஸ் நிறுத்தத்துப் பக்கமிருந்து ஒருவர் நடந்து வந்தார். லாண்டரிக் கம்பெனியின் நீலச் சட்டை. வைரவனின் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் படுக்கும் மகேசன். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். வேலை செய்யும் இடத்தில் அவருக்குத் தமிழ் ஆளே கிடையாது, ஒரு கட்டில் காலி என்று இந்த அறையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இரண்டு வருஷமாக வைரவன் அவர் தலைக்கு மேலேதான் படுக்கிறான். லைட்டை அணைக்கலாமா என்பதற்கு மேல் இருவரும் பேசியது கிடையாது.

அவர் பாயில் காலை வைக்காமல் ஓரமாகவே நின்றார். "என்னையும் சேர்த்துத்தானே சொன்னனீங்கள், தம்பி?"

வைரவனுக்குச் சுருக்கென்றது. எட்டுப் படுக்கை என்று எட்டுப் பேருக்கு மீன் வாங்கினானே தவிர, சொல்லும்போது இவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கும்தாண்ணே, உக்காருங்க" என்று எழுந்து கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

மகேசன் நன்றாகச் சாப்பிட்டார். முள்ளைக்கூடச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டார். வைரவன் வழக்கம்போல மெக்சிகோவை ஆரம்பித்தான், அவர் நிறுத்தவில்லை. நிறுத்தாததோடு, கேள்வி வேறு கேட்டார். இந்த ஐந்து மாதத்தில் அவனிடம் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். சூய்க்குப் பிள்ளைகள் எத்தனை என்றார். மூன்று என்று சொல்லி மூன்று பெயரையும் ஒப்பித்தான். லூப்பேக்கு இடது முழங்காலில் வலி, மாடி ஏற மாட்டாள் என்பதையும் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார். "நான் செவ்வாய்க்கிழமை போறன், தம்பி."

"லீவாண்ணே?"

"இல்லை. வேலையை முடிச்சுக்கொண்டு."

அறையில் யார் ஊருக்குப் போனாலும் ஒரு மாதத்துக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடும். பார்சல்தான் காரணம். ஆளாளுக்குப் பிஸ்தாவும் சோப்பும் தைலமும் வாங்கிப் பொட்டலம் கட்டிப் போகிறவன் தலையில் ஏற்றிவிடுவார்கள். எப்போது போகிறாய், எந்த ஏர்போர்ட், உன் வீட்டில் யார் இருப்பார்கள், எங்கள் வீட்டிலிருந்து யார் வந்து வாங்கிக்கொள்வது என்று அதுவரை பேசாதவன்கூடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விசாரிப்பான். வைரவன் அதைச் சொல்லி, இவர் போவது மட்டும் எப்படி ஒருத்தருக்கும் தெரியாமல் போயிற்று என்று கேட்டான்.

"நீங்கள் எல்லாரும் இந்தியா. யாழ்ப்பாணத்துக்கு என்னட்டக் குடுத்துவிட ஆருக்கு என்ன இருக்கு? அதால ஆரும் கேக்கேல்லை." அவர் குறைப்பட்டுக்கொள்ளும் குரலில் சொல்லவில்லை. "அது பிழையில்லை, தம்பி."

வைரவன் கரியைக் கிளறிக்கொண்டே இருந்தான். மன்சனீயோவில் லூப்பேயின் முழங்கால் வரைக்கும் விசாரித்து வந்தவன், தனக்கு ஒன்றரை அடி கீழே மூச்சு விடுகிற மனுஷனை விசாரித்ததில்லை. யாரும் தன்னைக் கூப்பிடவில்லை என்று ஐந்து மாதம் அழுதானே, இவன் யாரைக் கூப்பிட்டான்? இந்த அறையில் ஒரு சினேகிதன் கிடைப்பானா என்றுதானே இத்தனை பாடும். கிடைத்துவிட்டான், செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

"உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனைண்ணே?" என்று கேட்டான். கேட்கவே வெட்கமாக இருந்தது.

"ஒரு மகள். தர்மிகா." அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் தாமாகவே நெடுநேரம் பேசினார். அவளுடைய நர்ஸிங் படிப்பு, அவள் அம்மா காலமானது, வீட்டுக்குப் போனால் அவளுக்குத் தன்னோடு பழக எத்தனை நாள் ஆகுமோ என்கிற பயம். கரி அணைந்தபிறகும் பேசினார்.

திங்கட்கிழமை வைரவன் ஒரு பார்சல் கட்டினான். பிஸ்தா, சோப்பு, தைலம், எல்லாரும் கட்டுவது போலத்தான். மேலே தர்மிகா என்று பெரிதாக எழுதினான். மகேசன் தம்முடைய கம்பளியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அதை வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அவர் கிளம்பும்போது வைரவனுக்கு டூட்டி. திரும்பி வந்து பார்த்தபோது கீழ்க்கட்டிலில் வெறும் பலகை கிடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் ஐயப்பன் அதைக் கவனித்தான். சிலோன்காரர் எங்கே என்று கேட்டான். ஊருக்குப் போய்விட்டார், அவர் பெயர் மகேசன் என்றான் வைரவன். அப்படியா என்றுவிட்டு, அந்தக் கீழ்க்கட்டிலுக்குத் தான் மாறிக்கொள்ளலாமா என்று கேட்டான். மாறிக்கொள் என்றதும் தலையணையைக் கொண்டுவந்து போட்டுப் படுத்து, காதில் ஒயரை மாட்டினான்.

வைரவன் மேலே ஏறவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஐயப்பனின் காலைத் தட்டினான். "ஐயப்பா, ஊர்ல உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

ஐயப்பன் ஒயரைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "ஊருக்குப் போறீங்களாண்ணே? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, நான் இன்னும் பார்சலுக்கு ஒண்ணுமே வாங்கலையே."