வீட்டுக்கு ஒரு கை

பரீட்சை கிடையாது, சான்றிதழ் கிடையாது, வந்து படித்தால் போதும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான வகுப்பில் என்ன படிப்பிப்பது என்பதை மட்டும் என் தலையில் கட்டினார்கள். பதுளைப் புடவைக்கடைக்காரர் மகள் றஷீதா, பள்ளிக்கூட டீச்சர், வாய்க்காரி என்று யாரோ என்னைப் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

அவர்களே அனுப்பிய மாதிரிப் பாடத்திட்டத்தில் கிரேக்க நாகரிகம் முதலாவதாக இருந்தது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்களுக்குக் கிரேக்கம்! அதை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, படிக்கப் போகிறவர்களையே கேட்டுவிடலாம் என்று ஹாலிஎலப் பக்கத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். எழுபத்திரண்டாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தில் கூட்டம். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். பேசிப் பேசி இரண்டு பாடம் மிஞ்சியது. இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே திரும்பிப் போக மனுப் போட்டவர்கள், போகிற ஊர் நடைமுறைகளைச் சொல்லித் தரச் சொன்னார்கள். இங்கேயே இருக்கப் போகிறவர்கள் சிங்களம் எழுத வாசிக்கக் கேட்டார்கள். தோட்டத்துக்கு ஒரு வகுப்புதான் கிடைக்கும்.

“அப்ப வீட்டுக்கு ஒரு கை தூக்கச் சொல்லுவோம் டீச்சர்” என்றார் சங்கத் தலைவர் கணபதி.

அங்கே எல்லாமே குடும்பக் கணக்குதான். அரிசி, குடியிருக்கும் ஒற்றை அறையான லயத்துக் காம்பரா, இந்தியாவுக்குப் போடும் மனுக்கூட. கைகள் எழுந்தன, ஒன்றில்கூட வளையல் இல்லை. இந்தியா ஜெயித்தது. முன்வரிசை வீரய்யா இரண்டு கையையும் தூக்காத குறை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வகுப்புக்கு வீடா வரப்போகுது? ஆளுக்கு ஒரு கை. பொம்பளைங்களும் தூக்கணும். சிங்களம் வேணும்ங்கிறவங்க யாரு?”

பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. வீரய்யாவின் மனைவி பாக்கியலெட்சுமி. எல்லாரும் திரும்பிப் பார்த்தும் கை இறங்கவில்லை.

“போற ஊருக்கு எதுக்குடி சிங்களம்?” வீரய்யா சிரித்தார். யாராவது சேர்ந்து சிரிப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தார்.

“நா போகல. மக மடுல்சீமையில வாக்கப்பட்டிருக்கா. அவ புருசன் வீட்டுல இங்கதான் இருக்கப் போறாங்க. அவள விட்டுட்டு நா கப்பல் ஏறமாட்டேன்.”

வீரய்யாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எனக்கே அந்த மனுஷரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“மனுப் போட்டு ரெண்டு வருசமாச்சு. ஒரு வார்த்த சொன்னியா நீ?”

“நீங்க எப்பங்க கேட்டீங்க?”

அவள் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் இருந்த வேலாயி கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் வரிசையாகக் கைகள், முன்னால் சிங்களம் கேட்ட ஆண்களின் கைகளும். தலைவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணினேன், வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல். இந்த முறை சிங்களம் வென்றது. எல்லாரும் கையை இறக்கினார்கள், அவளைத் தவிர.

“டீச்சர் எண்ணிட்டாங்க. கைய எறக்கு, பாக்கியம்” என்றார் வீரய்யா, மெதுவாக.

“நா இங்க இருக்கேன்னு நீங்க ஒத்துக்கங்க. எறக்குறேன்.”

பாடத்திட்டத்தின் முதல் வரியில் சிங்களம் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அவள் கை இன்னும் மேலேதான் இருந்தது.