மேர்லின் வந்த ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் வராததுமாகச் சித்தப்பா ஜெராட் கதையைத் தொடங்கிவிட்டார். பெரியகல்லாற்றில் டினுஷாவின் வீட்டு விறாந்தையில் அவரும் சித்தியும், அவளோடு அதே வீட்டில் இருக்கும் அப்பாவின் அக்கா செசீலியா மாமியும் கதிரை போட்டு இருந்தார்கள். டினுஷா குசினி வாசலில் மணலை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் மேர்லின் அன்று பின்னேரம் வருவதாகப் பங்குச் சாமியாரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

டினுஷாவுக்குப் பன்னிரண்டு வயதில் மேர்லின் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். மூன்று வருஷம் ஒழுங்காகப் போன் எடுத்தாள். பிறகு அங்கே பழகிய ஒருவனோடு கொழும்புக்கு வந்து குடித்தனம் நடத்துகிறாள் என்று ஊர் கதைத்தது. அவளும் இல்லையென்று சொல்லவில்லை. போன வருஷம் டினுஷாவின் அப்பா றோய் நெஞ்சுநோவில் செத்தபோது செய்தி போயும் வரவில்லை. இப்போது அந்த மனிசனும் கைவிட்டுவிட்டானாம்.

"வெளிநாடுதான் கெடுத்தது. அண்ணன் அனுப்பியிருக்கக் கூடாது," என்றார் ஜெராட்.

"எத்தினை பொம்பிளையள் போய் உழைச்சுக் குடும்பம் பார்க்கிறாளுகள்?" என்றாள் மாமி. "அவளுக்கு முதலே மனசு சரியில்ல."

"அத்தான் குடிச்சுப்போட்டு அடிச்சதையும் சேர்த்துச் சொல்லணும்," என்றாள் சித்தி.

"என்ர தம்பி செத்துப்போனவன். அவனை இழுக்காத," என்றாள் மாமி.

"பாவத்துக்கு ஒரு வேர் இருக்கும்," என்றார் ஜெராட். "அதைக் கண்டுபிடிக்காம எப்பிடி உள்ளுக்கு எடுக்கிறது?"

அந்த வேரை டினுஷாவும் எத்தனையோ வருஷம் தோண்டியிருக்கிறாள். வந்தாறுமூலை கம்பஸில் படித்த காலத்தில், போனில் நான் அழாமல் இருந்திருந்தால் அம்மா வந்திருப்பாளோ என்றுகூட யோசித்திருக்கிறாள். எந்தக் காரணமும் நாலு நாளைக்கு மேல் நிற்கவில்லை. கேட்பதற்கென்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைத்திருந்தாள். அப்பா செத்ததற்கு ஏன் வரவில்லை?

மீன் கழுவிய தண்ணியைத் தென்னையடியில் ஊற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கேற்றுக்கு வெளியே, வெயிலில், தோளில் ஒரு பையோடு மேர்லின் நின்றாள். முதுகுப்பக்கம் சட்டை நனைந்திருந்தது. விறாந்தைக் கதை அந்த இடத்துக்கு ஒரு சொல் தவறாமல் கேட்டது.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"காலைப் பஸ்ஸில வந்திட்டன். பூசை விட்டதில இருந்து நிக்கிறன்." மேர்லின் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாமி சொல்லுறது சரிதான் மகள். உன்னைப் பார்த்திட்டன், போறன். உங்கட அப்பா செத்த அண்டைக்கு நான் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தனான். அந்த ஆள்..."

டினுஷா இத்தனை நாள் வைத்திருந்த கேள்விக்குத்தான் பதில் தொடங்கியிருந்தது. பதில் எதுவானாலும் விறாந்தையில் இருப்பவர்கள் அதையும் பிரித்து மேய்வார்கள். தானும்தான்.

"அதை இப்ப சொல்ல வேணாம். உள்ள வாங்க."

"அவங்க இருக்காங்க."

"இருக்கட்டும்."

மீன் கையாலேயே பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தாள். ஜெராட்தான் வாய் திறந்தார்.

"முதல்ல அவ பதில் சொல்லட்டும்."

"எந்தப் பதில் சொன்னா விடுவீங்க சித்தப்பா?"

பையை உள்ளே வைத்துவிட்டு டினுஷா திரும்பினாள்.

"விட்டிட்டுப் போனது என்னை. உங்க எல்லாரையும் விட எனக்குத்தான் கோபம் கூட. நான்தான் வரச் சொல்லுறன்."

மேர்லின் மாமியின் முன்னால் வந்து நின்றாள். "நான் செய்தது பிழை மச்சாள்."

மாமி எழும்பினாள். "இவ இருக்கிற வீட்டில நான் இருக்கமாட்டன்."

"போகாதீங்க மாமி. என்னை வளர்த்தது நீங்க."

மாமி நாலு உடுப்பைச் சுருட்டிக்கொண்டு ஜெராட் வீட்டுக்குப் போனாள். டினுஷாவின் காய்ச்சல் நாட்களில் பக்கத்திலேயே கண்விழித்துக் கிடந்தவள் மாமிதான். அவள் ஒருதரமும் திரும்பிப் பார்க்காமல் போனது, கேற்றடியில் தாயைக் கண்டதை விட டினுஷாவுக்கு அதிகமாக வலித்தது.

மேர்லின் சாப்பிட்டாள். பீங்கானைக் கழுவிவிட்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றாள். டினுஷா பீங்கான் அடுக்கும் தட்டைக் காட்டினாள். உள்ளே எடுத்தால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். லேசாகவில்லை. 'அம்மா' என்று கூப்பிட மூன்று தரம் வாயெடுத்தாள், சொல் வரவில்லை. மேர்லினும் அதைக் கேட்கவில்லை. றோய் படுத்த கட்டிலைக் காட்டியபோது தலையை ஆட்டிவிட்டு நிலத்தில் பாயை விரித்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாமி வந்தாள். மேர்லினின் பக்கம் பார்க்காமல் நேரே குசினிக்குப் போய் அரிசி வாளியைத் திறந்தாள். ஆளுக்கொரு சுண்டு அரிசி என்பது அவளுடைய அளவு. ஒரு சுண்டு பானையில் போட்டாள். இன்னொன்று போட்டாள். கொஞ்ச நேரம் கையை வாளிக்குள் வைத்தபடி நின்றாள். மூன்றாவதையும் அள்ளிப் போட்டாள்.

"முருங்கையிலை ஆயிறதுக்கு ஆள் வேணும்," என்றாள் சுவரைப் பார்த்து.

மேர்லின் எழும்பிப் போனாள்.