கூடையில் வந்த பாஸ்போர்ட்

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் எங்கள் சலவைக்கூடத்தில், வருடத்துக்கு ஒரு நாள் எங்கள் பாஸ்போர்ட் எங்கள் கையிலேயே இருக்கும். அது சோதனைக்கு அதிகாரி வருகிற நாள். அன்று காலை மேலாளர் பீரோவைத் திறந்து, நாற்பத்திரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கொண்டுவந்து பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். சாயங்காலம் மறக்காமல் வாங்கிக்கொள்வார்.

வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதற்கான நேர்மைக் கொள்கை என்று ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து அதிகாரி என்ன கேட்பார், நாங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசரம்மா ஒரு வாரம் பாடம் எடுத்தார். ஏஜென்டுக்குப் பணம் கொடுத்தாயா? இல்லை. பாஸ்போர்ட் யாரிடம்? என்னிடம். ஊருக்குப் போக வேண்டுமென்றால்? எப்போது வேண்டுமானாலும் போகலாம், கம்பெனியே டிக்கெட் எடுத்துத் தரும்.

விரிப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை அக்காவும் பிடித்து மடிப்போம். கூடப் பிறந்தவள் இல்லை, கூட மடிப்பவள். அவள் மகளுக்கு இது பிரசவ மாதம், துணைக்கு வீட்டில் பெண்ணென்று யாரும் இல்லை. அக்கா மூன்று தடவை லீவு கேட்டாள். ஒப்பந்தம் முடியட்டும் என்றார் மேலாளர். அதற்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. பிள்ளை அவ்வளவு நாள் பொறுக்காது.

"சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லுக்கா. நமக்கு எதுக்கு வம்பு" என்றேன். புத்தி சொல்வதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அதிகாரி கேன்டீனில் உட்கார்ந்து ஜோடி ஜோடியாகக் கூப்பிட்டார். மேலாளர் பக்கத்து மேஜையில் அதே பேப்பரை வெகுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா மூன்று பதிலையும் பிசகாமல் ஒப்பித்தாள். அதிகாரி தாளைத் திருப்பினார்.

"அப்ப நான் இன்னைக்கே போறேன் மேடம்."

"எங்கம்மா?"

"ஊருக்கு. எப்ப வேணும்னாலும் போகலாம்னு சொன்னேன்ல. பாஸ்போர்ட் இதோ இருக்கு. டிக்கெட் மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்க."

அதிகாரி மேலாளர் பக்கம் திரும்பினார். "எடுத்துக் கொடுப்பீங்கள்ல?"

"அதுக்கென்ன மேடம், தாராளமா" என்றார் மேலாளர். அவர் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அப்ப ஒரு நகல் எனக்கும் குடுங்க. ஃபைல்ல வைக்கணும். நான் இருந்தே வாங்கிட்டுப் போறேன்."

அரை மணியில் டிக்கெட் வந்தது, அன்று சாயங்கால விமானத்துக்கு. அக்கா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். அதிகாரி என்னைப் பார்த்தார்.

"நீங்க? ஊருக்குப் போகணுமா?"

மேஜைக்கடியில் அக்கா என் காலை மிதித்தாள். எனக்கும் ஊரில் நாலு வயதில் ஒரு பையன் இருக்கிறான். தங்கையிடம் விட்டுவிட்டு வந்தேன். இப்போது அவளை அம்மா என்கிறான். போனில் என்னைப் பெரியம்மா என்கிறான். மேலாளர் பேப்பரைத் தாழ்த்தி என்னையே பார்த்தார்.

"இல்லைங்க மேடம். எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு" என்றேன்.

இப்படி ஒரு பதிலைச் சூப்பர்வைசரம்மா சொல்லிக் கொடுக்கவே இல்லை. நானாகச் சொன்னது.