மகாராணி வைத்த கையெழுத்து

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தில்லைநாதன் தொலைபேசியில் அழைத்தபோதே அருளானந்தனுக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் இருக்கும் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் தில்லைநாதன். நல்ல செய்தி சொல்ல அவர் ஒருநாளும் அழைத்ததில்லை.

"அண்ணை, உங்கடை நோட்டீசிலை ஆரோ பேனையாலை கிறுக்கிப் போட்டினம். ரஷ்யா எண்டாலே இப்ப பிரச்சினைதானே. நாளைக்குப் பேசாமல் நீரிழிவைப் பற்றிக் கதையுங்கோவன். சனமும் வரும்."

"நீரிழிவைப் பற்றி எனக்கென்ன தெரியும்?"

"உங்களுக்கு இருக்குத்தானே அண்ணை."

அருளானந்தன் தொலைபேசியை வைத்துவிட்டார். அறுபத்தாறு வயது அவருக்கு. எண்பத்திரண்டில் சோவியத் புலமைப்பரிசில் கிடைத்து லெனின்கிராட்டில் ஐந்து வருடம் வரலாறு படித்தவர். படித்து முடித்தபோது யாழ்ப்பாணம் திரும்ப முடியாத நிலை. நோர்வேக்கு வந்தார். ஒஸ்லோவில் எவருக்கும் ரஷ்ய வரலாறு தேவைப்படவில்லை. இருபத்தொன்பது வருடம் சுரங்க ரயில் ஓட்டினார். ஓய்வு பெற்ற பிறகு, படித்ததை ஒருமுறையாவது நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று, மூன்று சனிக்கிழமைகளில் நடக்கும் ஒரு சொற்பொழிவுத் தொடரைத் தானே கேட்டு வாங்கியிருந்தார்.

முதல் சனிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். சிலுவைக் குறியை இரண்டு விரலால் போடுவதா மூன்று விரலால் போடுவதா என்று ரஷ்யத் திருச்சபை இரண்டாகப் பிளந்ததையும், பழைய முறையை விடமாட்டோம் என்றவர்கள் மரக்கோயிலுக்குள் கூடி நின்று தங்களுக்குத் தாங்களே தீ வைத்துக்கொண்டதையும் ஒரு மணித்தியாலம் உருகி உருகிச் சொன்னார். கடைசியில் ஒரேயொரு கேள்விதான் வந்தது: அங்கை இஞ்சையைவிடக் குளிரோ?

தொலைபேசியை வைத்த கையோடு, காலைச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுச் சங்க மண்டபத்துக்குப் போனார். வாசல் பலகையில் அவருடைய அறிவித்தல் ஒட்டியிருந்தது. 'ரஷ்யா: சிம்மாசனம், சிலுவை, அறிவொளி' என்று தமிழிலும் நொர்வேஜிய மொழியிலும் தலைப்பு. கீழே நீலச் சுவரும் பொன்முகடுகளுமாக ஒரு பெரிய கோயில். அதன் மேல் நீல மையில் நாலே எழுத்து. கிறுக்கல் அல்ல, நிதானமாக எழுதப்பட்ட ஒரு சொல். மூன்றாவது எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள். ரஷ்ய மொழியில் அந்த எழுத்தே கிடையாது, உக்ரேனிய மொழியில்தான் உண்டு.

கீவ்.

கோயிலை இன்னொரு முறை பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து நின்ற தில்லைநாதனைப் பார்த்தார்.

"இந்தப் படத்தை எங்கை எடுத்தனீர்?"

"இன்ரநெற்றிலைதான். வடிவாய் இருந்தது. போடட்டோ எண்டு உங்களைக் கேட்டனான். நீங்களும் ஓம் எண்டுதானே சொன்னியள்?"

சொல்லியிருந்தார். கண்ணாடி போடாமல், கைத்தொலைபேசியில், பெருவிரல் அளவுப் படத்தைப் பார்த்து ஓம் என்று சொல்லியிருந்தார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றபோது, பக்கத்து அறையில் நொர்வேஜிய மொழி வகுப்பு முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நேரே அவரிடம் வந்து நின்றாள்.

"நான்தான் எழுதினேன். என் பெயர் ஹன்னா. கார்கிவில் இருந்து வந்தவள்."

அருளானந்தன் பல வருடங்களாகப் பேச ஆளில்லாமல் வைத்திருந்த ரஷ்ய மொழியில் பணிவாகப் பதில் சொல்லத் தொடங்கினார். அவள் கையை உயர்த்தினாள்.

"அந்த மொழி எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது பேசுவதில்லை."

அதனால் இருவரும் அவள் அரைகுறையாகக் கற்ற நொர்வேஜிய மொழியிலேயே சண்டை பிடித்தார்கள்.

"எண்பத்தைந்தில் நான் கீவுக்குப் போயிருக்கிறேன். அங்கே இப்படி ஒரு கோயில் இருக்கவேயில்லை" என்றார் அருளானந்தன்.

"எப்படி இருக்கும்? முப்பதுகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். நீங்கள் போன பிறகுதான் நாங்கள் திரும்பக் கட்டினோம். உங்கள் பேராசிரியர்கள் சொல்லவில்லையா?"

சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"நாளைக்கு எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள்?" என்று அவள் கேட்டாள்.

"கத்தரின் மகாராணி. பள்ளிக்கூடங்கள் திறந்தவள். பெரியம்மைத் தடுப்புக்குத் தன் கையிலேயே முதலில் குத்திக்கொண்டு நாட்டுக்கு வழி காட்டியவள். பிரெஞ்சுத் தத்துவவாதிகளோடு கடிதம் எழுதியவள்."

"ஆயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்று?"

"அது எனக்குத் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்?"

"தெரியும் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் தாளில் இருக்கிறதா?"

பையில் இருந்து குறிப்புகளை எடுத்தார். லெனின்கிராட் வகுப்பில் எழுதியதை வருடங்களுக்குப் பிறகு தமிழில் திருப்பி எழுதியது. பக்கம் பதினொன்றில் இருந்தது: '1783, தென்மேற்கு மாகாணங்களில் நிர்வாகச் சீர்திருத்தம்.' அவ்வளவுதான். அவளுக்கு வாசித்துக் காட்டலாமா என்று யோசித்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நாளைக்கு இரண்டு மணிக்கு வாருங்கள்" என்றார், வெடுக்கென்று. "நான் பேசுவது தமிழில். உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் வாருங்கள்."

சனிக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். ஹன்னாவோடு பன்னிரண்டு. முன்வரிசையில் சவிரிமுத்து, ஞாயிறு பூசை ஒன்றைக்கூட விடாதவர். அவருக்குப் பக்கத்தில் கோபாலன் என்ற பொறியியலாளர். கோயம்புத்தூரில் இருந்து வேலைக்கு வந்தவர்.

அருளானந்தன் பீட்டர் மன்னனில் தொடங்கினார். திருச்சபையின் தலைமைக் குருவே வேண்டாம் என்று அந்தப் பதவியை ஒழித்து, கோயிலைக் குமாஸ்தாக்கள் நடத்தும் ஓர் அரசாங்கக் கந்தோராக்கியதைச் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் யாராவது மன்னனுக்கு எதிரான சதியைச் சொன்னால், குரு அதை அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்ததையும் சொன்னார்.

சவிரிமுத்து எழுந்துவிட்டார். "நில்லுங்கோ, நில்லுங்கோ. பாவசங்கீர்த்தனத்திலை சொன்னதைப் போய் அரசாங்கத்திட்டைச் சொல்லுறதோ? பிறகு ஆர் போய்ப் பாவத்தைச் சொல்லுவினம்?"

"அதைத்தான் சொல்ல வாறன். இருங்கோ."

"இருக்கிறன். ஆனா அந்தாள் செய்தது சரியில்லை."

கோபாலன் கையைத் தூக்கினார். "சார், ஒரு சின்ன டவுட். ரஸ்புடின் எப்ப வருவாரு?"

"அவன் பிறக்கவே இன்னும் நூற்றைம்பது வருசம் கிடக்குத் தம்பி."

"ஓகே சார், வெயிட் பண்றேன்."

அருளானந்தன் தண்ணீர் குடித்தார். கத்தரின் மகாராணிக்கு வந்தார். சுதந்திரத்தையும் நீதியையும் புகழ்ந்து மகாராணி தன் கையாலேயே எழுதிய அறிவுரையை வெளியிட்ட அதே 1767இல், பண்ணையடிமைகள் தங்கள் எசமானைப் பற்றி அவளிடம் முறையிடக் கூடாது என்று ஆணை போட்டாள், மீறினால் சவுக்கடியும் சைபீரியாவும் என்றார். அதுவரை அவருக்கு மனப்பாடம். பிறகு பக்கம் பதினொன்று வந்தது. அந்த வரியைப் பேனையால் வெட்டியிருந்தார். ஆனால் அதன் இடத்தில் எதையும் எழுத அவருக்குக் கை வரவில்லை. ஹன்னாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் எழுந்து நொர்வேஜிய மொழியில் சொன்னாள். அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கினார்.

"இவவின்ரை தகப்பன்வழி ஊர் பொல்தாவாவுக்குப் பக்கத்திலையாம். அதுவரைக்கும் அவையள் விரும்பின இடத்துக்குப் போய் உழலாமாம். 1783 வசந்த காலத்திலை மகாராணி ஒரு கையெழுத்து வைச்சா. பதிவேட்டிலை ஆர் எந்த நிலத்திலை இருந்தினமோ, அங்கையே பிள்ளைகுட்டியோடை கட்டிப் போட்டாச்சு. ஐரோப்பாவிலை எல்லாரும் அவவை வெளிச்சம் எண்டு புகழ்ந்துகொண்டிருந்த நேரம். எங்களை ஆரும் கேக்கேல்லை. நாங்கள் எங்கடை மண்ணிலையே..."

அங்கே நின்றுவிட்டார். 'அவையள்' எப்போது 'நாங்கள்' ஆனது என்று அவருக்கே தெரியவில்லை. முன்வரிசையில் இருந்து சவிரிமுத்து மெல்லச் சொன்னார்: "எங்கடை பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்திலையும் தமிழர் எங்களுக்கு ரெண்டு வரிதானே இருந்தது."

கதவருகே தில்லைநாதன் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நடன வகுப்புப் பிள்ளைகள் சலங்கையோடு வெளியே காத்து நின்றார்கள். "அண்ணை, நேரம்! நேரம் போச்சு!"

கதிரைகளை மடித்து அடுக்கும்போது ஹன்னா வந்தாள். நன்றி சொல்வாள் என்று அருளானந்தன் எதிர்பார்த்தார்.

"நாற்பது நிமிடம் அவளைப் பற்றிப் பேசினீர்கள். எங்களுக்கு ஐந்து நிமிடம்" என்றாள்.

"பெரியம்மைக்கு அவள் குத்திக்கொண்டது பொய்யா? திறந்த பள்ளிக்கூடங்கள் பொய்யா?"

"பொய் என்று யார் சொன்னது? அந்தப் பள்ளிக்கூடத்துக்கு யாருடைய பிள்ளை போனது என்று கேட்கிறேன்."

அதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. அவளிடம் அதற்கு ஒரு மறுப்பு இருந்தது. வெஸ்ட்லிக்குப் போகும் அவளுடைய பேருந்து ஒன்று போய்விட்டது, அடுத்ததும் போய்விட்டது. அருளானந்தனுக்குத் தலை விறைத்தது. லெனின்கிராட்டை விட்ட பிறகு இந்த வரலாற்றில் ஒருவரும் அவரை இப்படி மடக்கியதில்லை.

"சரி!" என்றார் கடைசியில். "வருகிற சனிக்கிழமை நீங்களே பேசுங்கள். அரை மணித்தியாலம். நான் தமிழாக்குகிறேன்."

"முக்கால்."

"அரை."

"அண்ணை," என்றார் தில்லைநாதன், மடித்த கதிரையை நெஞ்சோடு அணைத்தபடி. "அப்ப நீரிழிவு?"

"அதை நீர் கதையும்!" என்று கத்திவிட்டு, ஹன்னாவின் பக்கம் திரும்பினார். "முக்கால். ஒரு நிமிடம்கூட அதிகம் இல்லை."