வராத எட்டுப் பேர்

திருக்கைவால் முதுகில் விழும்போது சத்தம் முதலில் வரும். வலி ஒரு கணம் பிந்தி வரும். கோரைத்துறைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு கணத்தை நன்றாகத் தெரியும். அதற்குள் பல்லைக் கடித்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள்.

தலைமை வாத்தியார் இராசதுரை முப்பது வருடமாக அடித்துப் படிப்பித்தவர். பிரம்பு அடிக்கடி முறிகிறது என்று ஒருநாள் அவர் குறைப்பட்டபோது, வாவியில் மீன் பிடிக்கும் சீனித்தம்பி முகத்துவாரத்தில் அகப்பட்ட பெரிய திருக்கையின் வாலை உப்பிட்டுக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். அவனுடைய ஒரே மகள் சீதேவிப்பிள்ளை நாலாம் வகுப்பில் இருந்தாள். தாய் இல்லாத பிள்ளை.

"நான் கைநாட்டு ஐயா. இவள் அப்பிடி ஆகக்கூடாது. அடிச்சாலும் பரவாயில்ல, படிப்பியுங்க" என்றான்.

அது 1938ஆம் வருடம். பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு உதவி வாத்தியாராக வந்திருந்த நல்லரத்தினத்துக்கு இருபத்தாறு வயது. இடது காது கேட்காது. எட்டு வயதில் ஒரு வாத்தியார் அறைந்ததில் போனது. அந்தச் சித்திரையில் அரசாங்கக் கல்வி அலுவலகமான கந்தோரிலிருந்து எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது. பிள்ளைகளை அடிப்பது படிப்புக்கு அவசியமா என்று கேட்டிருந்தார்கள். இராசதுரை ஒரே வரியில் பதில் எழுதினார்: அவசியம்.

"அது அபிப்பிராயம் ஐயா" என்றான் நல்லரத்தினம். "சோதிச்சுப் பார்த்து எழுதினா என்ன?"

"எதைச் சோதிக்கிற?"

"அடி வாங்காத பிள்ளைதான் கணக்கு நல்லாச் செய்யும் எண்டு நான் நினைக்கிறன். இது என்ட ஊகம். பிழையாவும் இருக்கலாம். பிழையெண்டா பிழையெண்டு காட்டிற மாதிரித்தான் சோதிக்கணும். நாலாம் வகுப்பில நாப்பது பேர். இருபது பேரை நீங்க உங்கட வழியில படிப்பியுங்க. இருபது பேரை நான் அடிக்காமப் படிப்பிக்கிறன். மூண்டு மாசத்தால ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சோதனை."

இராசதுரை சிரித்தார். தோற்போம் என்று அவருக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை. "செய் தம்பி. ஆனா என்ட பக்கத்தில நீ தலையிடக் கூடாது."

"தலையிட மாட்டன்."

அந்த வாக்கை அவன் யோசிக்காமலே கொடுத்தான்.

கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தன் பக்கம் பிரித்தெடுக்க இராசதுரை பெயர்ப்பட்டியலை எடுத்தார். நல்லரத்தினம் தடுத்தான். "நாம தெரிஞ்செடுத்தா நம்மட விருப்பத்தைத்தான் அளப்பம் ஐயா. சீட்டுப் போடுவம். அப்பத்தான் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்." நாற்பது பெயர்களையும் துண்டுக் கடதாசியில் எழுதி ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டுக் குலுக்கினான். முதலில் எடுத்த இருபது துண்டும் இராசதுரைக்கு. பதினோராவது துண்டில் சீதேவிப்பிள்ளையின் பெயர் இருந்தது. அந்தத் துண்டை அவன் ஒரு கணம் விரலில் வைத்திருந்தான். வகுப்பிலேயே கணக்கில் கெட்டி அவள்தான். திருப்பிப் போட்டால் சீட்டுக்கு அர்த்தமில்லை. மேசையில் வைத்தான்.

நல்லரத்தினம் தன் இருபது பேரையும் கோயில் முன்மண்டபத்துக்குக் கூட்டிப்போனான். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம். முதல் கிழமையிலேயே அலறல் அங்கே வரைக்கும் வந்தது. இராசதுரை வழக்கமாக ஒரு பிழைக்கு ஓரடி அடிப்பவர். இப்போது போட்டி என்றானதும் நாலடி, ஐந்தடி ஆனது. ஒரு பையன் ஏழாம் வாய்ப்பாட்டில் இடறியதற்கு அவன் தலையைச் சுவரில் மோதினார். இன்னொருவனைச் சுடுமணலில் முழங்காலில் நிறுத்தி, விழ விழ அடித்து நிமிர்த்தினார். சட்டை முதுகோடு ஒட்டிக் காய்ந்து, உரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்ததாக அவனுடைய தாய் பிறகு சொன்னாள்.

அலறல் கேட்டால் நல்லரத்தினத்தின் பிள்ளைகள் எழுத்தை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்ப்பார்கள். "வாய்ப்பாடு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க" என்பான் அவன். இருபது பேரும் கத்திச் சொல்லும்போது வேறெதுவும் கேட்காது.

ஆனியில் ஒருநாள் பலகையில் எழுதும் சோக்கு முடிந்துபோனதால் பள்ளிக்கூடத்துக்குப் போனான். வாசலில் நின்றுவிட்டான். சீதேவிப்பிள்ளையின் வலது கை வாங்குப் பலகையில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் கணக்கை மனத்திலேயே செய்து விடையை மட்டும் எழுதுகிறவள்.

"வழி எங்க? ஆரைப் பார்த்து எழுதின?"

"ஆரையும் பார்க்கல்ல ஐயா. வந்திச்சு."

"வந்திச்சோ?" இராசதுரை வாலைத் திருப்பிப் பிடித்தார். தடித்த அடிப்பக்கம் விரல்களின் மேல் இறங்கியது. பச்சைக் குச்சி முறிவது போன்ற சத்தம் வாசல்வரை கேட்டது. அவள் வாயைத் திறந்தாள், ஆனால் சத்தம் வரவில்லை. இரண்டாவது அடிக்குத்தான் வந்தது.

இராசதுரை நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். "என்ன தம்பி, சோதனையைக் கெடுக்கவா வந்த?"

நல்லரத்தினம் சோக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தான். இன்னும் ஐந்து கிழமைதான், முடிவு வந்தால் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் இது நிற்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மண்டபத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான்.

ஆடிக் கடைசியில் சோதனை நடந்தது. நூறு புள்ளிக்கு இருபது கணக்கு. தாள்களை இருவரும் சேர்ந்து திருத்தினார்கள், அவரவர் பக்கத்துச் சராசரியை அவரவரே போட்டார்கள். நல்லரத்தினத்தின் பக்கம் சராசரி ஐம்பத்துநாலு. இராசதுரையின் பக்கம் அறுபத்தொன்று.

"பார்த்தியா?" இராசதுரை மேசையில் தட்டினார். "உன்ட சீட்டு, உன்ட சோதனை, உன்ட கணக்கு. நீயே எழுது கந்தோருக்கு."

நல்லரத்தினம் எழுத உட்கார்ந்தான். மூன்று மாதமாகக் கேட்ட அத்தனை அலறலும் நியாயம் என்று இப்போது தன் கையாலேயே எழுத வேண்டும். தாள்களை மறுபடி கூட்டினான், பிழையில்லை. எண்ணினான். தன் பக்கம் இருபது தாள் இருந்தது. இராசதுரை பக்கம் பன்னிரண்டு.

"மிச்ச எட்டுப் பேரும் எங்க ஐயா?"

"வராம நிண்டுட்டாங்க. வயல் வட்டையில காவலுக்குப் போயிருப்பாங்க. வராததுகளைச் சேர்த்து என்ன செய்யிற?"

என்ன நடந்திருக்கிறது என்று நல்லரத்தினத்துக்கு அப்போது விளங்கியது. சீட்டுப் போட்டது இருபது பேருக்கு. அளந்தது பன்னிரண்டு பேரை. அடியைத் தாங்கி நின்றவர்களின் சராசரியைத்தான் இராசதுரை வெற்றி என்கிறார். தாங்காமல் போனவர்கள் கணக்கிலேயே இல்லை.

மறுநாள் விடிந்ததும் கேள்வித்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேடிப் புறப்பட்டான். ஏழு பேரை இரண்டு நாளில் கண்டுபிடித்தான். முதலில் கண்ட பையன் எருமை மேய்த்துக்கொண்டிருந்தான். வாத்தியாரைக் கண்டதும் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சேற்றில் குப்புற விழுந்தான். ஒருத்தி கேள்வியைக் கேட்டதும் நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தாள். ஒருவன் ஓடி வாவிக்கரைக் கண்டல் மர வேர்களுக்குள் ஒளிந்தான், அவனைக் கூப்பிட்டு எடுக்க மத்தியானம் ஆனது. ஏழு பேரும் சேர்ந்து எடுத்த புள்ளி தொண்ணூறு.

எட்டாவது சீதேவிப்பிள்ளை. வீடு வாவிக்கரையில் இருந்தது. சீனித்தம்பி தோணியைக் கவிழ்த்து வைத்து ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தான். மகள் மணலில் இருந்து இடது கையால் மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். வலது கையில் நடுவிரலும் அடுத்த இரண்டும் கோணி, உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன.

"தோணிக்கும் தோணி கட்டிற கட்டைக்கும் நடுவில கைய மாட்டிட்டாள் வாத்தியார்" என்றான் சீனித்தம்பி. "பரிசாரி மருந்து வெச்சுக் கட்டினாரு, சரிவரல்ல. எழுத ஏலாத கையோட எப்பிடி அனுப்பிற?"

பிள்ளை நல்லரத்தினத்தைப் பார்க்கவில்லை. தகப்பன் கொடுத்த வாலால் வந்தது என்று தகப்பனுக்குத் தெரியக்கூடாதென்று அவளே சொல்லிவைத்த பொய் அது.

நல்லரத்தினம் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தான். அவள் இடது விரலால் மணலில் விடை எழுதினாள். வழி எழுதவில்லை. எழுதியதை உடனே உள்ளங்கையால் அழித்தாள். இருபதும் சரி. நாற்பது பேரிலும் நூறு எடுத்தது அவள் ஒருத்திதான்.

அவன் தாளை மடித்தான். எட்டுப் பேரையும் சேர்த்தால் இராசதுரையின் சராசரி நாற்பத்தாறு. அவனுடைய ஊகம் பொய்க்கவில்லை. எழுந்து போயிருக்கலாம்.

"சீனித்தம்பி அண்ணன்" என்றான். "தோணி இல்ல. பெரிய வாத்தியார் அடிச்சது. நான் வாசலில நிண்டு பார்த்தன்."

சீனித்தம்பி மகளைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்தாள். அது போதுமாக இருந்தது. அவன் தோணி தள்ளும் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "அண்ணன், நில்லுங்க, இன்னும் சொல்ல இரிக்கி" என்று கத்திக்கொண்டு நல்லரத்தினம் பின்னால் ஓடினான்.

பள்ளிக்கூடத்தில் இராசதுரை கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். முதல் அடி தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்து கை தொங்கியது. திரும்பியவருக்கு இரண்டாவது அடி முழங்கையில். பிள்ளைகள் வாங்குகளைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். அவர் விழுந்தார். சீனித்தம்பி அவருடைய வலது கையைக் காலால் மிதித்துப் பிடித்து, விரல்களின் மேல் கம்பின் நுனியை உரலில் இடிப்பது போல இடித்தான்.

"எண்ணு! எத்தனை எண்டு எண்ணு!"

நல்லரத்தினம் வந்து கம்பைக் கட்டிப்பிடித்தான். தரையில் கிடந்த இராசதுரை இரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினார்: "என்னை மட்டும் ஏண்டா கொல்ற? இவனைக் கேளு! உன்ட மகளை என்ட பக்கம் போட்டவன் இவன்! அடி வாங்க ஆர், வாங்காம இருக்க ஆர் எண்டு தகரத்தில சீட்டுக் குலுக்கினவன் இவன்!"

சீனித்தம்பி கம்பை இழுப்பதை நிறுத்தினான். "உண்மையா வாத்தியார்?"

"ஓம்."

"அடிப்பாரெண்டு தெரிஞ்சு?"

"ஓம். அடிச்சா என்ன நடக்குமெண்டு பார்க்கத்தான்."

நல்லரத்தினம் கம்பை விட்டான். கைகளைத் தூக்கி மறைக்கவும் இல்லை. கம்பு இடது முழங்காலில் பக்கவாட்டாக விழுந்தது. அவன் சரிந்தபோது விலாவில் ஒன்று, மறுபடி அதே இடத்தில் ஒன்று. மூச்சு நின்றது. நாலாவதுக்குக் கம்பு உயர்ந்தபோது, பின்னால் ஓடிவந்த சீதேவிப்பிள்ளை தகப்பனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அடியாதீங்க அப்பா, சத்தம் கேக்க ஏலாது, சத்தம் கேக்க ஏலாது" என்று கத்தினாள். கம்பு அவனுடைய கையிலிருந்து நழுவியது. ஊர்த்தலைவரான விதானையார் வரும்வரைக்கும் சீனித்தம்பி அந்த இடத்திலேயே குந்தியிருந்து தன் தலையில் தானே அடித்துக்கொண்டான்.

வழக்கு பட்டினத்தில் நடந்தது. தாங்குகட்டையோடு போய்ச் சாட்சிக்கூட்டில் ஏறிய நல்லரத்தினம், தன்னை அடித்தவனுக்காகவே பேசினான். சீட்டுக் குலுக்கியதையும் வாசலில் நின்றதையும் சோக்கு எடுத்துக்கொண்டு போனதையும் விடாமல் சொன்னான். சீனித்தம்பிக்கு ஆறு மாதம் கிடைத்தது. இரண்டு வருடம் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். இராசதுரைக்கு அதன்பிறகு வலது கையால் சோறு பிசைந்து உண்ண முடியவில்லை. ஓய்வெடுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தை நடத்திய முகாமையாளர் நல்லரத்தினத்தை வேலையிலிருந்து நீக்கினார்.

வழக்குக்கு முன்பே, ஆசுபத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவன் அறிக்கையை எழுதியிருந்தான். இராசதுரையிடம் சோதனை எழுதிய பன்னிரண்டு பேரின் சராசரியை ஒரு பக்கத்திலும், வராத எட்டுப் பேரையும் சேர்த்த இருபது பேரின் சராசரியை எதிர்ப்பக்கத்திலும் போட்டான். கடைசித் தாளில், பிள்ளைகளை அடிக்க விட்டுப் பார்த்தது தன் குற்றம், இனி எவரும் இப்படிச் சோதிக்கக் கூடாது என்று எழுதினான். கந்தோரிலிருந்து பதில் வர நாலு மாதம் ஆனது. ஒரே பள்ளிக்கூடம், நாற்பதே பிள்ளைகள். இடையில் நின்ற எட்டுப் பேரும் பாடத்தைத் தவறவிட்டவர்கள். இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று எழுதியிருந்தார்கள். நல்லரத்தினம் மூன்றுதரம் வாசித்தான். கோபப்பட ஒன்றுமில்லை, அவர்கள் சொன்னது சரி. நாற்பது பேர் போதாது.

சீதேவிப்பிள்ளை நாவற்குடாவில் மாமி வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போனாள். ஒருமுறை நல்லரத்தினம் அவளைப் பார்க்கப் போனான். மாமி வாசலில் வந்து, "பிள்ளை வரமாட்டாளாம்" என்றாள். திரும்பிவிட்டான்.

அடுத்த வருடம் பதிவேடுகளைப் பார்க்க மட்டும் கந்தோரில் ஓர் அனுமதிக் கடிதம் வாங்கினான். சம்பளம் இல்லை. மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களின் பெயர்களைச் சீட்டுப் போட்டு முப்பதை எடுத்தான். இந்தமுறை சீட்டில் பிள்ளைகள் இல்லை. ஏற்கெனவே அடிக்கிற பள்ளிக்கூடங்களிலும் அடிக்காதவற்றிலும் வருடத் தொடக்கத்தில் இருந்தவர்கள் எத்தனை, முடிவில் இருந்தவர்கள் எத்தனை என்று பார்ப்பதுதான் வேலை. முதலில் வந்தது வாகரைப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பாதித்தூரம் வள்ளத்திலும் மிச்சத்தூரம் மணலில் காலை இழுத்துக்கொண்டும் போய்ச் சேர்ந்தான்.

வாத்தியார் பிள்ளைகளை வரிசையாக எழுப்பி நிறுத்தினார். "பதினேழு பேர் இருக்கிறாங்க. எதை வேணுமெண்டாலும் கேளுங்க, சொல்லுவாங்க."

"இவங்களைப் பிறகு கேக்கிறன்" என்று நல்லரத்தினம் வாங்கில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டான். "இந்த வருசம் நிண்டுபோன பிள்ளைகள் ஆரார்?"

"வராததுகளைப் பற்றி உங்களுக்கு என்னத்துக்கு?"

"பேரைச் சொல்லுங்க" என்றான். "வீடு எந்தப் பக்கம் எண்டும் சொல்லுங்க. நான் நடந்து போறன்."